காயங்களோடு ஏறியவர்

தொரப்பள்ளியில் நடந்த நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



வாத்தியாரின் பெயர் அழைப்பிதழில் இருக்கிறது. நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இன்றைக்கும் வாத்தியார் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

மன்றத்தார் என்னைப் பேசக் கேட்டபோது, தலைப்பை நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். "கிறிஸ்துவின் பரமேறுதல்" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தலித் இலக்கிய மன்றத்துல பிரசங்கமா?" என்று பக்கத்திலிருந்த தோழர் ஒருவர் முணுமுணுத்தது எனக்கு நன்றாகவே கேட்டது. நியாயமான கேள்விதான். வாத்தியார் இருந்திருந்தால் அவரும் கேட்டிருப்பார். உண்மையில் ஒருமுறை கேட்கவும் செய்தார்.

உயிர்த்தெழுந்த நாளிலிருந்து நாற்பதாம் நாள் இயேசு பரலோகத்துக்கு ஏறினார் என்பது விசுவாசம். அந்த நாள் எப்போதும் வியாழக்கிழமையில் வரும். நம் நாட்டுக் கத்தோலிக்கர்கள் விண்ணேற்றப் பெருவிழா என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடுகிறார்கள். எங்கள் சபையில் வியாழன் சாயங்காலமே ஆராதனை. கிறிஸ்துமஸுக்கு நிற்க இடமிருக்காத கோவிலில் அன்றைக்குப் பத்துப் பதினைந்து பேர் வந்தால் அதிகம். சிப்காட்டில் அதற்கெல்லாம் லீவு கிடையாது. பல ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு வியாழக்கிழமை கோவிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். டீக்கடையில் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். என்ன விசேஷம் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார்.

"ஏம்மா, கூட இருந்தவரு நம்மள விட்டுட்டு ஏறிப் போயிட்டாரு. அதுக்கு ஒரு திருநாளா? விட்டுட்டுப் போனதுக்கு யாராவது விழா எடுப்பாங்களா?"

நானும் சிரித்தேன். பதில் சொல்லவில்லை, எனக்குப் பதில் தெரியவுமில்லை. சமூகவியலில் முதுகலை படித்தவள். மதம் சமூகத்தில் என்ன வேலை செய்கிறது என்று பரீட்சையில் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் டீக்கடையில் வாத்தியார் கேட்டதற்கு ஒரு வரி வரவில்லை. அவரும் போய்விட்டார். அந்தக் கடன் என்னிடம் நிற்கிறது. அதைத் திருப்பித் தரத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இறங்கியவரின் கதை

என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. இந்த எல்லைப் பகுதியில் தாத்தாவோ பாட்டனோ தங்கவயலுக்குப் போகாத காலனி அபூர்வம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் நடத்தத் தொடங்கிய பிறகு வடஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஊரில் பண்ணை வேலை, படி நெல் கூலி, கைகட்டி நிற்கும் வாழ்க்கை. அங்கே சம்பளம், லைன் வீடு. பூமிக்குள் இறங்கும் வேலைக்குச் சாதி தடையாக இல்லை. அந்த வேலைக்குப் போட்டி போட மேல்சாதியிலிருந்து யாரும் வரவில்லை என்பதுதான் காரணம்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. உலகிலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று அது. கீழே பாறையே சுடும். இரும்புக் கூண்டில் ஆட்களை நிறுத்தி இறக்குவார்கள். நேரம் தப்பிச் சங்கு ஊதினால் கீழே பாறை வெடித்துச் சரிந்திருக்கிறது என்று அர்த்தம். அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். கூண்டு மேலே வரும். கதவு திறக்கும். முகங்களைப் பார்ப்பார்கள். ஆயா என்னிடம் சொல்வாள்: "எறங்கிப் போறவன் புருஷன் இல்ல கண்ணு. ஏறி வர்றவன்தான் புருஷன்."

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆயா இருந்த லைனில் பக்கத்து வீட்டார் பௌத்தர்கள். அயோத்திதாசப் பண்டிதர் மூட்டிய பௌத்தம் மாரிக்குப்பத்தில் வேர்விட்டிருந்தது. அவர் 1907-இல் தொடங்கிய 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பின் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. ஒரு வீட்டில் புத்தருக்கு விளக்கு, அடுத்த வீட்டில் சிலுவை. இரண்டு வீட்டு ஆண்களும் ஒரே கூண்டில்தான் இறங்கினார்கள். ஆகவே இன்று நான் கிறிஸ்துவைப் பற்றிப் பேசுவதை இந்த அவையிலுள்ள பௌத்தத் தோழர்கள் பக்கத்து வீட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பரமேறுதல் திருநாளை ஒரு வருஷமும் விட்டதில்லை. பாதிரியார் பிரசங்கத்தில் மேகம், மகிமை, தேவதூதர் என்று எவ்வளவோ சொல்வார். ஆயா வீட்டுக்கு வந்து ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவாள்: "எறங்குனவருதான் ஏறுவாரு. மேலயே இருக்கிறவன் எங்க ஏறுறது?" வெகுநாள் கழித்து எபேசியருக்கு எழுதிய நிருபம் நான்காம் அதிகாரத்தைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பவுலும் அதைத்தான் கேட்கிறார். ஏறினார் என்றால் முதலில் பூமியின் தாழ்விடங்களில் இறங்கினார் என்பதுதானே பொருள் என்கிறார். பவுலுக்குத் தங்கவயல் தெரியாது. ஆயாவுக்குப் பவுல் தெரியாது.

தாத்தா நெஞ்சு நிறையக் கல்தூசியோடு ஊர் திரும்பினார். இருமியே செத்தார். தங்கவயல் சுரங்கங்களை 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள். அங்கிருந்து போன தங்கம் யார் யார் கழுத்திலோ கிடக்கிறது. நம் வீட்டுக்கு வந்தது தூசி.

எங்கிருந்து ஏறினார்

வாத்தியாரின் கேள்விக்கு வருகிறேன். லூக்கா சுவிசேஷத்தின் கடைசி வரிகளில் ஒரு ஊர்ப் பெயர் வருகிறது. பிரசங்கங்களில் அதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள். இயேசு சீஷர்களை எருசலேமுக்கு வெளியே பெத்தானியா வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறார். அங்கிருந்துதான் ஏறுகிறார்.

பெத்தானியா எப்படிப்பட்ட ஊர்? ஒலிவமலையின் மறுபக்கச் சரிவில், நகரத்தின் கண்ணுக்குத் தெரியாத சிற்றூர். தொழுநோயாளி சீமோனின் வீடு அங்கேதான் இருந்தது. அந்த வீட்டில் இயேசு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று மாற்கு எழுதுகிறார். தொடக்கூடாதவர் என்று நகரம் தள்ளிவைத்தவரின் வீட்டில் சாப்பிட்டவர், கடைசியாகக் கால் வைத்த மண்ணும் அந்த ஊர் மண்தான். எருசலேமில் பெரிய தேவாலயம் இருந்தது. அதன் கோபுரத்திலிருந்து ஏறியிருந்தால் பார்க்கக் கூட்டமும் கூடியிருக்கும். அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

தொரப்பள்ளிக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். நம் ஊராட்சியின் பெயரே தொரப்பள்ளி அக்ரஹாரம். 1878 டிசம்பர் 10-இல் ராஜாஜி இங்கே பிறந்தார். அவர் பிறந்த வீடு அரசு நினைவு இல்லம். வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், தென்பெண்ணையில் மிதக்கும் ரசாயன நுரையையும் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். காலனிக்குள் யாரும் வருவதில்லை. ஆதி திராவிடர், ஆதி கர்நாடகர், ஆதி ஆந்திரர் என்று அரசாங்கப் பட்டியலில் நமக்கு மூன்று பெயர். வீட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷை. ஊர் நமக்கு வைத்த இடம் மட்டும் ஒன்றே ஒன்று. வரலாறு அக்ரஹாரத்தில் பிறக்கும், காலனியில் கூலி மட்டும் பிறக்கும் என்று நமக்குச் சொல்லாமலே சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி வளர்ந்த எனக்கு, உலகத்தின் கர்த்தர் காலனியிலிருந்து புறப்பட்டார் என்பது சாதாரணச் செய்தி இல்லை.

எது ஏறியது

அடுத்து, எது ஏறியது? ஆன்மா மட்டும் பறந்து போயிற்று என்று வேதம் சொல்லவில்லை. உடம்பு ஏறியது. இயேசுவின் உடம்பு வெறும் தோற்றம்தான் என்று சொன்னவர்கள் ஆதி நாட்களிலேயே இருந்தார்கள். திருச்சபை அதை ஏற்கவில்லை. உயிர்த்தெழுந்தவர் மீன் தின்றார். தோமாவைக் கூப்பிட்டு, ஆணி அடித்த தழும்பையும் விலாக் காயத்தையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த உடம்புதான் ஏறியது. காயம் மறையவில்லை, மறைக்கப்படவும் இல்லை.

அந்த உடம்பு எப்படிப்பட்ட உடம்பு? மரத்தில் தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்பது அந்த நாட்டின் நியாயப்பிரமாணம். அவரை நகர வாசலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொன்றார்கள் என்று எபிரெயர் நிருபம் குறித்துவைத்திருக்கிறது. சாபம், தீட்டு, ஊருக்கு வெளியே. இந்த மூன்று சொற்களுக்கும் நமக்கு அகராதி வேண்டாம். சாவுச் சேதி சொல்லப் போவதும், குழி வெட்டுவதும், பறையடிப்பதும் யார் தலையில் கட்டப்பட்ட வேலை என்று நமக்குத் தெரியும். அப்படித் தீட்டாக்கப்பட்ட ஒரு உடம்பு, கழுவித் துடைத்து அடையாளம் மாற்றப்படாமல், அதே தழும்போடு பிதாவின் வலதுபக்கத்தில் இருக்கிறது என்பதுதான் நாங்கள் ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுவது.

சண்டே ஸ்கூலில் எங்களுக்குப் பரமேறுதல் படம் ஒன்று காட்டினார்கள். நடுவில் மேகம். மேகத்துக்குக் கீழே இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். சீஷர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1511-இல் வெளியிட்ட மரச்செதுக்குப் படங்களிலும் இதே காட்சி உண்டு என்று பின்னால் பார்த்தேன். ஒலிவமலையில் அவர் ஏறிய இடம் என்று ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அங்கேயும் காட்டுவது ஒரு பாதச்சுவட்டைத்தான். புருஷ சூக்தத்தின் கணக்குப்படி காலில் பிறந்தவன் கீழானவன். நாம் அந்தக் காலிலும் பிறக்காதவர்கள். அப்படியிருக்க, எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் ஆணித் தழும்புள்ள இரண்டு பாதங்கள்! சிறுபிள்ளையில் அந்தப் படம் வேடிக்கையாக இருந்தது. இப்போது அதைப் பார்த்தால் அழுகை வருகிறது.

சபையின் சுவர்கள்

இந்த இடத்தில் வாத்தியார் குறுக்கிடுவார். "எல்லாம் சரிம்மா. உங்க சபை இதை நம்புதா?" என்பார்.

மறைத்துப் பேசி என்ன பயன்? என் தாத்தா செத்தபோது கல்லறைத் தோட்டத்தில் தாழ்வான பக்கம்தான் எங்களுக்குக் கிடைத்தது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் பக்கம். எந்தச் சபை, எந்த ஊர் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு சபையின் பெயரைச் சொன்னால் மற்ற சபைகள் தப்பித்துக்கொள்ளும். வாழ்நாள் முழுக்கப் பூமிக்கு அடியில் கிடந்த மனிதருக்கு, செத்த பிறகும் மேட்டில் ஆறடி கிடைக்கவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுவே பிணங்களைச் சாதி பிரித்துச் சுவர் வைத்தார்கள். 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்ட தலித் கிறிஸ்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் அதே கோவிலில் முழங்கால் போட்டவர்கள்தான். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. 1833-லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது மேல் என்று பலர் வெளியேறினார்கள்.

மதம் மாறியவர்களின் நிலையைப் பற்றி அம்பேத்கர் எழுதியதை நாங்கள் படிக்காமல் தாண்டிப் போக முடியாது. ஜென்மபாவத்தைப் போதித்துப் போதித்து, தன் வீழ்ச்சிக்குத் தன் பாவமே காரணம் என்று தீண்டப்படாதவனை நம்பவைத்தால், அவனைக் கீழே தள்ளிய சமூகத்தை அவன் எப்போது எதிர்ப்பான் என்பது அவர் எழுப்பிய விமர்சனம். பரமேறுதலையும் அப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மேலே வீடு இருக்கிறது, கீழே பொறுத்துக்கொள் என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! அந்தப் பிரசங்கத்தின் மேல் வாத்தியாருக்கு இருந்த கோபம் எனக்கும் உண்டு.

ஆனால் அந்தப் பிரசங்கத்துக்கு நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடவில்லை. 1981-இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் என்ற பேச்சு தொடங்கியது. மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பரட்டை என்ற பெயரில் எழுதிய தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்து, ஒரே உலையில் சமைத்து ஒன்றாய் உண்பதுதான் திருவிருந்து என்றார். எங்கள் ஆயாக்கள் அடுப்படியில் சொன்னதைக் கல்லூரியில் ஏற்றியவர்கள் இவர்கள்.

செருப்புத் தைத்தவரின் வழக்கு

சபை ஒரு பக்கம் என்றால் சட்டம் இன்னொரு பக்கம். 1950-இல் குடியரசுத் தலைவர் வெளியிட்ட பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் யாரும் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியேதான்.

இதன் பொருள் என்ன என்பதைச் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கு காட்டும். தெருவோரம் தைக்கும் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே செருப்பைத் தைத்தவருக்குக் கிடைத்தது, சூசைக்குக் கிடைக்கவில்லை. அவர் கிறிஸ்தவர். உச்சநீதிமன்றம் வரைக்கும் போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை என்று 1985-இல் வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். அதே வெயில், அதே தெரு, அதே ஊசி. நிரூபிக்க இன்னும் என்ன வேண்டுமோ தெரியவில்லை.

2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2022-இல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் இதற்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. நம் மாநிலத்தில் கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். அவரைச் சாதி சொல்லி அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்காகப் பேசாது. அடிப்பவன் மட்டும் ஞானஸ்நான சர்டிபிகேட்டைக் கேட்டுவிட்டு அடிப்பதில்லை.

மேலே ஏறாமல் பார்த்துக்கொள்வதற்கு எத்தனையோ ஏற்பாடு உண்டு. நம் ஊரில் பிறந்த ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1939-இல் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டம் கொண்டுவந்தார், அதை மறுக்கக்கூடாது. அவரேதான் 1953-இல், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு கல்வித் திட்டத்தையும் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று தமிழ்நாடே எதிர்த்தது. 1954-இல் அவர் பதவி விலகினார், காமராஜர் வந்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். திட்டம் நடந்திருந்தால் என் அப்பாவும் சுரங்கத்துக்கோ பண்ணைக்கோதான் போயிருப்பார், நான் இந்த மேடைக்கு வந்திருக்கமாட்டேன். ஏறுவது என்பது நமக்கு வானத்து விஷயம் மட்டுமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எழுந்து நின்றவர்

2018 நவம்பரில், ஓசூர் பக்கம் சூடகொண்டப்பள்ளியைச் சேர்ந்த இளம் தம்பதி கொல்லப்பட்டார்கள். பையன் நம்மவன், பெண் வேறு சாதி. சாதியை மீறிக் கல்யாணம் செய்துகொண்டது ஒன்றுதான் அவர்கள் செய்த குற்றம். உடல்கள் கர்நாடகத்தில் காவிரியில் கிடைத்தன. அதற்கு ஆறு வருஷம் முன்பு இதே நவம்பரில்தான் தருமபுரி நத்தம் காலனி எரிந்தது.

அந்த வாரம் எங்கள் காலனியில் பெண்கள் ஜெபக்கூட்டம். யாராலும் பாட முடியவில்லை. ஒரு அம்மா கேட்டாள்: "ஆண்டவரு அப்ப எங்க இருந்தாரு?" நான் கூட்டத்தில் அதிகம் படித்தவள். தலையைக் குனிந்துகொண்டேன். கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருத்தி, அவளும் இங்கே இப்போது உட்கார்ந்திருக்கிறாள், ஸ்தேவானைப் பற்றிப் பேசினாள்.

ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றார்கள். சாகும் நேரம் வானத்தைப் பார்த்தான். இயேசு பிதாவின் வலதுபக்கத்தில் நிற்பதைக் கண்டான். அப்போஸ்தலர் நடபடிகள் ஏழாம் அதிகாரம். அக்கா சொன்னாள்: "மத்த எடத்துல எல்லாம் ஒக்காந்திருக்கார்னுதான போட்டிருக்கு? இங்க மட்டும் நிக்கிறாரு. கல்லடி படுறவனப் பாத்து எழுந்து நின்னுட்டாரு."

யாரும் பேசவில்லை. எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தார். ஊர்க்காரர் தெருவில் வந்தால் திண்ணையிலிருந்து எழுந்து நிற்பார், துண்டை இடுப்புக்கு இறக்குவார். தங்கவயலில் துரைக்கு முன்னால் நின்றார். ஊருக்குத் திரும்பியும் நின்றார். வாழ்நாள் முழுக்க அடுத்தவருக்காக எழுந்து நின்ற மனிதருக்காக எழுந்து நிற்க ஒருவர் இருக்கிறார், அதுவும் எல்லாச் சிம்மாசனத்துக்கும் மேலான இடத்தில். அவர் அங்கே இருப்பதால்தான் அது முடிகிறது. பெத்தானியாவில் தங்கிவிட்டிருந்தால் பெத்தானியாவுக்கு மட்டும் சொந்தக்காரராக இருந்திருப்பார். ஏறிப் போனதால், காவிரிக் கரையிலும் தங்கவயல் ஷாஃப்டிலும் யார் கூப்பிட்டாலும் கேட்கும் இடத்தில் இருக்கிறார். அங்கே உட்காரும் அதிகாரம் உள்ளவர் நம் வலி தெரியாதவரும் இல்லை. எபிரெயர் நிருபம் சொல்லும் பிரதான ஆசாரியர் தானே அடிபட்டவர்.

வாத்தியாரே, விட்டுவிட்டுப் போகவில்லை. இதுதான் என் பதிலில் பாதி.

மீதிப் பாதி மறுநாள் காலையில் நடந்தது. ஆணவக் கொலையைக் கண்டித்து வாத்தியார் ஓசூரில் ஆர்ப்பாட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார். ஜெபக்கூட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் போனோம். அந்த அக்கா ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தாள். ஒப்பந்தக்காரர் அடுத்த நாள் வேலைக்கு வராதே என்று சொல்வார் என்பது தெரிந்துதான் வந்தாள். ஏன் வந்தீங்க என்று வாத்தியார் கேட்டார். "அவரு எழுந்து நிக்கிறப்ப நாங்க ஒக்காந்திருக்கலாமா சார்?" என்றாள். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த தட்டியை அவளிடம் கொடுத்தார்.

திரும்பிப் போகச் சொன்னவர்கள்

பரமேறுதல் கதையின் முடிவு இது. மேகம் அவரை மறைத்த பிறகும் சீஷர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். வெள்ளை உடுத்திய இருவர் வந்து, வானத்தைப் பார்த்து நிற்பதென்ன என்று அவர்களைக் கண்டிக்கிறார்கள். மேலே பார்த்துக்கொண்டு கீழே பொறுத்துக்கொள் என்ற பிரசங்கத்துக்கு வேதத்துக்குள்ளேயே கிடைத்த முதல் அடி அது.

பிறகு அவர்கள் எங்கே போனார்கள்? கலிலேயாவில் மீன்பிடிக்கப் போகவில்லை. எருசலேமுக்கே திரும்பினார்கள். தங்கள் தலைவரைக் கொன்ற அதே நகரம். ஆளுநரும் ஆசாரியர்களும் அப்படியே இருந்தார்கள். நியாயமாகப் பார்த்தால் பயந்து ஒளிந்திருக்க வேண்டும். லூக்காவோ மிகுந்த சந்தோஷத்தோடு திரும்பினார்கள் என்று எழுதுகிறார். பிரிவு நடந்த இடத்தில் சந்தோஷம் எப்படி வரும் என்று வாத்தியார் கேட்டது அதைத்தான். கொன்றவர்களின் தீர்ப்பு கடைசித் தீர்ப்பு இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டவர்களுக்கு அந்தச் சந்தோஷம் வரும். நகரத்தில் எதுவும் மாறியிருக்கவில்லை. நகரத்தைப் பார்த்து அவர்களுக்கிருந்த பயம் போயிருந்தது.

எனக்குக் கிடைத்த ஆறுதல் இந்த வகை ஆறுதல். வலியை மரத்துப்போகச் செய்யும் மருந்தாக இருந்தால் அதை வாத்தியாரோடு சேர்ந்து நானும் வேண்டாம் என்றிருப்பேன். விடியற்காலை நாலு மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போதும், தாசில்தார் ஆபீஸில் சாதிச் சான்றிதழுக்கு நாலாவது தடவை போய் நிற்கும்போதும், கல்லறைத் தோட்டத்துப் பள்ளத்தில் தாத்தாவின் குழிமேல் தேங்கிய தண்ணீரை வாளியில் இறைக்கும்போதும், இந்த உடம்பு தாழ்ந்தது இல்லை, இதைப் போன்ற ஒரு உடம்பு மேலே இருக்கிறது என்று சொல்லிக்கொள்வேன். முதுகு தானாக நிமிரும்.

வாத்தியார் இதையெல்லாம் நம்பினவரில்லை. நம்பியதாக இன்று நான் கதை கட்டினால் அது அவருக்குச் செய்யும் துரோகம். அவர் அம்பேத்கரை நம்பினார், பிள்ளைகளை நம்பினார். கரும்பலகை இல்லாத காலத்தில் தன் வீட்டுச் சுவரில் கரியடித்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். நானும் அந்தச் சுவரில் எழுதிப் பழகியவள்தான். என்னை ஏற்றிவிட்டவர்களில் ஒருவர் அவர்.

எங்கள் பெண்கள் ஜெபக்கூட்டம் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. மூன்றாம் பத்தியை நீக்கக் கோரும் மனுவில் இந்தப் பகுதிக் காலனிகள் முழுக்கக் கையெழுத்து வாங்குகிறோம். அம்பேத்கர் மன்றத்துத் தோழர்களும் பௌத்தத் தோழர்களும் கூட வருகிறார்கள். இன்று வெளியே போகும்போது வாசலில் நோட்டு வைத்திருக்கிறோம், போட்டுவிட்டுப் போங்கள். சபைக் கல்லறையின் மேட்டுப் பக்கத்தைப் பற்றியும் பேசப்போகிறோம். அதற்கு வெளியாட்களின் கையெழுத்து வேண்டாம், அது எங்கள் வீட்டுச் சண்டை, நாங்களே போடுகிறோம்.

வாத்தியார் வீட்டு இரவுப் பள்ளி அவர் போனதிலிருந்து பூட்டியிருந்தது. சாவியை அவர் மகள் நேற்று என்னிடம் கொடுத்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குத் திறக்கிறோம். பிள்ளைகளை அனுப்புங்கள்.